உடைப்பதற்கு முன் அளக்க வேண்டியவை: மரக்கொட்டைகளின் இயற்பியல் பண்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முந்திரியோ பாதாமோ அக்ரூட்டோ, எந்தக் கொட்டையை உடைக்கும் இயந்திரமாக இருந்தாலும் அதிலிருந்து வெளியே வருவது மூன்று வகை: முழுப் பருப்பு, நொறுங்கிய பருப்பு, உடையாமலே தப்பி வந்த கொட்டை. கொட்டையை அழுத்தும் தகடுகளின் இடைவெளியைக் குறைத்தால் நொறுங்கல் கூடுகிறது. இடைவெளியைக் கூட்டினால் உடையாதவை கூடுகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்கத் திருகைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் கடைசியில் இயந்திரத்தைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் அதனிடம் இல்லை. உள்ளே போகும் கொட்டை என்ன அளவு, எவ்வளவு ஈரம், ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதை யாரும் அளந்து பார்க்காததே குறை.

கொட்டைப் பதப்படுத்தல் என்பது பெருமளவு பிரித்தெடுக்கும் வேலைதான். கல்லிலிருந்து கொட்டை, பொக்கிலிருந்து (உள்ளே பருப்பு பிடிக்காத கொட்டை) முற்றிய கொட்டை, ஓட்டிலிருந்து பருப்பு, பருப்பிலிருந்து தோல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள ஏதோ ஓர் இயற்பியல் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்கிறோம். அந்த வேறுபாடு எவ்வளவு என்று தெரியாமல் சல்லடை வாங்குவதும் ஊதி (காற்று ஊதும் கருவி) பொருத்துவதும் குருட்டாம்போக்கு.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய உலர் அடுப்பு, அளவு உருளை, அளவு தெரிந்த ஒரு பெட்டி, ஒரு பக்கம் தூக்கக்கூடிய பலகை இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். உடைக்கும் விசையை அளக்க மட்டும் ஒரு கருவி தனியாக வேண்டும். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: மாதிரியை ஒழுங்காக எடுப்பது

குவியலின் மேலிருந்து இரண்டு கை அள்ளி அளந்தால் அந்த எண்கள் மேற்பரப்பைப் பற்றி மட்டுமே சொல்லும். பல அளவுகள் கலந்த பொருளைக் குலுக்கும்போது சிறியவை இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடும், பெரியவை மேலே ஏறிவிடும். இயற்பியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பிரேசில் கொட்டை விளைவு’தான். பல கொட்டைகள் கலந்த டப்பாவைத் திறந்தால் பெரிய பிரேசில் கொட்டைகள் மேலே கிடப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. லாரியில் நெடுந்தூரம் குலுங்கி வந்த மூட்டைக்கும் இதே கதிதான்.

ஆகவே பல மூட்டைகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து குவித்து, குவியலை நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளை நீக்குங்கள். மீதியைக் கலந்து மறுபடியும் பகுங்கள். ஓரிரு கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யலாம். கல், குச்சி, தூசி ஆகியவற்றைப் பொறுக்கி எடைபோட்டுக் குறித்துவிட்டு ஒதுக்குங்கள். ஆனால் கொட்டைகளில் அழகானவற்றைத் தேர்ந்தெடுக்கும் சபலம் வேண்டாம். சுருங்கியதும் கோணலானதும் இயந்திரத்துக்குள் போகத்தான் போகின்றன.

ஓர் எச்சரிக்கை. அஃப்ளாடாக்சின் போன்ற பூஞ்சை நச்சுக்கான சோதனைக்கு இந்த அளவு மாதிரி போதாது. அந்த நச்சு பெரும்பாலும் மிகச் சில கொட்டைகளில் மட்டும் குவிந்திருக்கும், சிறு மாதிரியில் அகப்படாமலே போய்விடும். அதற்கான மாதிரி எடுக்கும் முறை வேறு.

படி 2: ஈரப்பதம்

ஈரப்பதத்தை எழுதாமல் கொட்டையைப் பற்றி எழுதிய எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. ஈரம் ஏறினால் கொட்டை உப்புகிறது, எடை கூடுகிறது, உராய்வு கூடுகிறது, குவியல் செங்குத்தாக நிற்கிறது, ஓடு மிருதுவாகிறது, பருப்பு வளைந்துகொடுக்கத் தொடங்குகிறது. காலையில் அளந்த மூட்டையும் மழைக்காற்றில் ஒரு வாரம் திறந்து கிடந்த மூட்டையும் பெயரளவில்தான் ஒரே சரக்கு.

அளக்கும் முறை எளிது. கொட்டையை உடைத்து, ஓட்டையும் பருப்பையும் தனித்தனியாகச் சிறு துண்டுகளாக்கி, எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். வழக்கமாக ஓர் இரவு, அல்லது 24 மணி நேரம். பருப்பை விழுதாக அரைக்க வேண்டாம். எண்ணெய் வெளியே கசிந்து அடுப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எடைக்கணக்கு தவறும். எண்ணெய் மிகுந்த பருப்புகளுக்கு வெற்றிட அடுப்பு கிடைத்தால் இன்னும் நம்பகமானது.

ஓட்டையும் பருப்பையும் ஏன் பிரித்து அளக்க வேண்டும்? எண்ணெய் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தால், அதே காற்றில் அதே அறையில் இருந்தும் ஓட்டைவிட அதன் ஈரம் மிகவும் குறைவாகவே இருக்கும். உருண்டையான, கடின ஓடுள்ள மக்கடேமியா கொட்டை ஓட்டோடு ஏறக்குறைய 3.5 சதவீத ஈரம் காட்டும்போது உள்ளே பருப்பில் இருப்பது 1.5 சதவீதம்தான். முழுக் கொட்டையின் ஈரத்தை மட்டும் பார்த்துப் பருப்பின் நிலையை முடிவுசெய்தால் ஒன்று ஈரமாக இருக்கும்போதே உடைப்போம், இல்லையென்றால் வேண்டாத அளவுக்குக் காயவைத்துப் பொடியாக்குவோம்.

கணக்கில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஈரப்பதத்தை மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம், உலர்ந்த பொருளின் எடையில் எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். முதல் வகையில் 20 சதவீதம் என்பது இரண்டாம் வகையில் 25 சதவீதம். வணிகத்தில் முதலாவதுதான் புழக்கம். ஆய்வுக் கட்டுரைகளிலும் உலர்த்திக் கணக்குகளிலும் இரண்டாவது நிறைய வரும். வேறு எங்கிருந்தாவது ஓர் எண்ணை எடுத்தால் அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். இந்தக் கட்டுரையில் எல்லாம் மொத்த எடைக் கணக்கு.

உலர்த்தும்போது எவ்வளவு நீர் போக வேண்டும் என்று கணக்கிட, மாறாமல் இருக்கும் உலர் எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஈரமுள்ள 1000 கிலோவில் உலர் பொருள் 800 கிலோ. அதை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 800ஐ 0.92 ஆல் வகுக்க, மிஞ்சுவது சுமார் 870 கிலோ. வெளியேறிய நீர் 130 கிலோ. பலர் செய்வதுபோல 20இலிருந்து 8ஐக் கழித்து 120 கிலோ என்று போட்டால் கணக்கு உதைக்கும். ஈரம் ஏற்றவும் இதே வழிதான். 6 சதவீதத்தில் உள்ள 10 கிலோவை 9 சதவீதமாக்க, 10ஐ ஈர வேறுபாடு 3ஆல் பெருக்கி 91ஆல் வகுக்க வேண்டும்: 330 கிராம் நீர். அதைத் தெளித்து, காற்றுப் புகாத பையில் கட்டி, 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தால் ஈரம் உள்வரை சமமாகப் பரவும். அளப்பதற்கு முன் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.

எந்தக் கொட்டைக்கு எவ்வளவு? வழக்கத்தில் உள்ள இலக்குகள் இவை: ஓட்டோடு சேமிக்கும் முந்திரிக்கு 8 முதல் 9 சதவீதம், ஓட்டோடு அக்ரூட்டுக்கு 8 சதவீதம், பாதாம் பருப்புக்கு 6 சதவீதத்துக்குள், உடைப்பதற்கு முன் மக்கடேமியா பருப்புக்கு 1.5 சதவீதம். எண்கள் இவ்வளவு வேறுபடக் காரணம் எண்ணெயின் அளவுதான். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் நீர்ச் செயல்பாட்டைப் பார்க்க வேண்டும். பொருளில் உள்ள நீரில் எவ்வளவு பூஞ்சைக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 25 டிகிரியில் அது 0.70க்குக் கீழே இருந்தால் நச்சுப் பூஞ்சைகள் தலைதூக்க முடியாது. மிகக் கீழே தள்ளுவதிலும் பயனில்லை. அளவுக்கு மீறிக் காய்ந்த பருப்பில் எண்ணெய் சிக்குப் பிடிப்பது வேகமெடுக்கும், பருப்பும் தொட்டால் உடையும்.

படி 3: நீளம், அகலம், தடிமன்

நூறு கொட்டைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் மூன்று அளவுகளைக் காலிப்பரால் எடுங்கள்: மிக நீண்ட அச்சு நீளம், அதற்குச் செங்குத்தாக அகன்ற பக்கம் அகலம், மூன்றாவது தடிமன். சலிப்பான வேலைதான். ஆனால் இதைக் குறுக்கு வழியில் முடிக்க முடியாது.

மூன்றையும் பெருக்கி அதன் கனமூலத்தை எடுத்தால் கிடைப்பது சராசரி விட்டம். அதை நீளத்தால் வகுத்தால் கோளத்தன்மை. எடுத்துக்காட்டாக ஒரு முந்திரிக்கொட்டை 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 13,824. அதன் கனமூலம் 24. கோளத்தன்மை 24 வகுத்தல் 32, அதாவது 0.75. முழு உருண்டைக்கு 1. மக்கடேமியாவும் உருண்டை ரக ஹேசல்நட்டும் 0.9ஐத் தாண்டும். பாதாம் 0.6ஐ ஒட்டி நிற்கும்.

இந்த எண்ணால் என்ன பயன்? 0.9க்கு மேல் உள்ளது உருளும். சாய்வான தட்டில் தானாக ஓடும், எந்தப் பக்கம் திரும்பி இயந்திரத்துக்குள் போனாலும் பெரிய வேறுபாடு இல்லை. 0.6 உள்ளது சறுக்கும், படுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் நசுங்குகிறது என்பது முக்கியமாகிவிடும். முந்திரிக்குக் கொட்டையைத் திசைப்படுத்தி ஊட்டும் அமைப்பு தேவைப்படுவதும், மக்கடேமியாவுக்குத் தேவைப்படாததும் இதனால்தான்.

சல்லடை தேர்வில் ஒரு நுணுக்கம் உண்டு. வட்டத் துளை கொட்டையை அகலத்தால் தரம் பிரிக்கிறது. நீளமான கொட்டை செங்குத்தாக நின்று நழுவிவிடும் என்பதால் நீளம் கணக்கில் வராது. நீள்துளை தடிமனால் பிரிக்கிறது. ஆகவே உடைக்கும் இயந்திரம் கொட்டையைத் தடிமன் பக்கமாக அழுத்துமானால் அதற்கு முன் வைக்க வேண்டியது நீள்துளைச் சல்லடை. அகலம் பார்த்துப் பிரித்துவிட்டுத் தடிமன் பக்கமாக அழுத்தும் ஆலைகள் இருக்கின்றன. அவர்களுடைய தரம் பிரித்தலுக்கும் பிரிக்காததற்கும் அதிக வேறுபாடு இருக்காது.

இப்போது முக்கியமான இடம். நூறு அளவுகளின் சராசரியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அரை மி.மீ. இடைவெளியில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கொட்டை விழுகிறது என்று கோடு கிழித்து எண்ணுங்கள். மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது, கூட்டம் எங்கே குவிகிறது என்பதுதான் இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியது. சராசரிக் கொட்டை என்று ஒன்று எந்த மூட்டையிலும் இல்லை. இந்தப் பரவல் படி 7இல் மறுபடியும் வரும்.

படி 4: எடை, அடர்த்தி, இடைவெளி

நூறு கொட்டைகளை எண்ணி எடைபோட்டுப் பத்தால் பெருக்கினால் ஆயிரம் கொட்டை எடை. முந்திரி வணிகத்தில் இதையே தலைகீழாக, கிலோவுக்கு எத்தனை கொட்டை என்று கேட்பார்கள். பருப்பின் தரப் பெயர்களும் எண்ணிக்கையிலிருந்து வந்தவைதான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. அதாவது ஒரு பருப்பு 1.4 முதல் 1.5 கிராம்.

எண்ணிக்கை மட்டும் போதாது, உள்ளே எவ்வளவு பருப்பு என்பதும் வேண்டும். ஒரு கிலோ கொட்டையை நீளவாக்கில் பிளந்து, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, முற்றாதது, பொக்கு என்று பிரித்து எடைபோடும் வெட்டுச் சோதனை இதற்குத்தான். நல்ல பருப்பின் எடையோடு குறையுள்ளதில் பாதியைச் சேர்த்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு என்று மாற்றிச் சொல்வது உலக வழக்கம். நல்லது 260 கிராம், குறையுள்ளது 20 கிராம் என்றால் கணக்கில் வருவது 270 கிராம். மூட்டைக்கு அது 21.6 கிலோ, ஏறத்தாழ 47.6 பவுண்டு. இதை ஈரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஈரமான கொட்டையின் பருப்பும் நீரைச் சுமந்துகொண்டுதான் தராசில் ஏறுகிறது.

அடர்த்தி இரண்டு வகை. பெட்டியில் கொட்டையைக் கொட்டி, மேலே தட்டையாக வழித்து, எடையைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்தால் பரும அடர்த்தி. குலுக்கவோ அழுத்தவோ கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து கொட்ட வேண்டும். கொட்டைக்குள் மட்டும் உள்ள அடர்த்தியான மெய் அடர்த்திக்கு, திரவத்தில் மூழ்கடித்து அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடு நீரை உறிஞ்சும் என்பதால் ஆய்வகங்களில் டொலுயீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துவார்கள். அது நச்சு ஆவி. காற்று இழுக்கும் பெட்டி இல்லாத இடத்தில் தொடாதீர்கள். கொட்டைக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து நீரிலேயே அளந்தாலும் நடைமுறைக்குப் போதும்.

ஒன்றிலிருந்து பரும அடர்த்திக்கும் மெய் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைக் கழித்தால் குவியலில் காற்று எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். ஒரு கன மீட்டருக்கு 560 கிலோவும் 1080 கிலோவும் என்று வந்தால் இடைவெளி 48 சதவீதம். 10 கன மீட்டர் தொட்டியில் 5.6 டன்தான் கொள்ளும் என்பது முதல் செய்தி. உலர்த்தும் காற்று எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பது இரண்டாவது. உடைந்த ஓடும் தூசியும் கலந்தால் இந்த இடைவெளிகள் அடைபட்டு, காற்று சுலபமான வழியைத் தேடிப் போய்விடும். தொட்டியின் ஒரு மூலை ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும் கதையெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சலித்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும்.

படி 5: குவியலும் சரிவும்

அடியில்லாத உருளையில் கொட்டையை நிரப்பி மெதுவாகத் தூக்குங்கள். சரிந்து நிற்கும் கூம்பின் உயரத்தை அடியின் ஆரத்தால் வகுத்தால் குவியல் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். ஈரம் கூடக் கூட இந்தக் கோணம் ஏறும். உராய்வுக் கெழுவுக்கு, பலகையின் மேல் நீங்கள் பயன்படுத்தப்போகும் தகட்டை வைத்து, அதன் மேல் அடியில்லாத சிறு பெட்டியில் கொட்டையை நிரப்பி, பெட்டி தகட்டைத் தொடாதபடி சற்றே உயர்த்திவிட்டு, பலகையை மெல்லத் தூக்குங்கள். சரியத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் கெழு. துருப்பிடிக்காத எஃகு, துத்தநாகம் பூசிய தகடு, ஒட்டுப்பலகை, ரப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வரும்; வழுவழுப்பான எஃகில் குறைவாகவும் ரப்பரில் அதிகமாகவும் இருக்கும்.

ஹாப்பரின் (இயந்திரத்துக்குக் கொட்டையை ஊட்டும் புனல் தொட்டி) சுவர்ச் சாய்வு, சரியும் கோணத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். மேலேற்றும் கன்வேயரின் சாய்வு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உலர்ந்த கொட்டையை வைத்து அளந்துவிட்டு ஈரக் கொட்டையைப் போட்டால் ஹாப்பர் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஆலைக்கு வரும் மிக ஈரமான சரக்கை வைத்து அளப்பதே சரி.

படி 6: காற்றிலும் நீரிலும் பிரிப்பது

செங்குத்தான குழாயில் கீழிருந்து காற்றை ஊதினால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கொட்டை விழாமலும் பறக்காமலும் மிதந்து நிற்கும். அந்த வேகம்தான் முற்றுத் திசைவேகம். அது எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அளவிலும் வடிவிலும் ஒன்றாக உள்ள இரண்டு கொட்டைகளில் ஒன்று பொக்கு, எடை பாதிதான் என்றால் அதன் வேகம் முற்றியதன் வேகத்தில் 0.71 மடங்கு. முற்றியது நொடிக்கு 12 மீட்டரில் மிதந்தால் பொக்கு 8.5 மீட்டரில் மிதக்கும். காற்றை 10 மீட்டரில் வைத்தால் ஒன்று விழும், மற்றது பறக்கும்.

அளவில் ஒன்றாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். பெரிய பொக்கும் சிறிய முற்றிய கொட்டையும் ஒரே வேகத்தில் மிதக்கக்கூடும். உடைத்த பிறகு வரும் கலவையிலும் இதே சிக்கல்தான்: பெரிய ஓட்டுத் துண்டும் சிறிய பருப்புத் துண்டும் காற்றின் கண்ணுக்கு ஒன்றுதான். எனவே வரிசையை மாற்றக் கூடாது. முதலில் சலித்து அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகக் காற்று வேகத்தை வைக்க வேண்டும். ஒரே ஊதியை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டு, ஓட்டோடு பருப்பும் பறக்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நீர் இன்னும் நுட்பமான தராசு. பிஸ்தாவில் பொக்கு மிதக்கும், முற்றியது மூழ்கும். மக்கடேமியா பருப்பில் இது தலைகீழ். எண்ணெய் 72 சதவீதத்தைத் தொட்டால் பருப்பின் அடர்த்தி நீரைவிடக் குறைந்துவிடும். ஆகவே சாதாரண நீரில் மிதப்பதுதான் முதல் தரம். மூழ்குவது முற்றாதது, வறுத்தால் கறுத்துப் போவது. நீரில் பிரிப்பதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நனைந்ததை உடனே உலர்த்த வேண்டும். தொட்டி நீர் அழுக்கானால் ஒரு கொட்டையில் இருந்த சால்மொனெல்லா நோய்க்கிருமி எல்லாக் கொட்டைக்கும் பரவும்.

ஓடு பிளந்த பிஸ்தாவையும் மூடியதையும் பிரிக்க முதலில் ஊசி பொருத்திய உருளைகளைப் பயன்படுத்தினார்கள். பிளவுக்குள் ஊசி மாட்டிக் கொட்டையைத் தூக்கிச் செல்லும், ஆனால் பருப்பில் துளை விழும். இப்போது கொட்டையை எஃகுத் தட்டில் விழவைத்து எழும் ஒலியைக் கேட்டுப் பிரிக்கும் கருவிகள் வந்துவிட்டன. மூடிய ஓடு ஒரு மாதிரியும் பிளந்த ஓடு வேறு மாதிரியும் ஒலிக்கும். ஒலியும் ஓர் இயற்பியல் பண்புதானே.

படி 7: ஓடு உடையும் விசை

ஓடு உடைய வேண்டும், பருப்பு உடையக் கூடாது. மற்ற எல்லா அளவீடுகளும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

இதற்கு அழுத்துச் சோதனைக் கருவி தேவை. இரண்டு தட்டைத் தகடுகளுக்கு நடுவே கொட்டையை வைத்து, மெதுவாக, மாறா வேகத்தில் அழுத்த, விசையும் நசுங்கிய தூரமும் வரைபடமாக ஏறும். ஓடு பிளக்கும் கணத்தில் கோடு சட்டென்று விழும். அந்த உச்சியில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நியூட்டன் விசை, எத்தனை மி.மீ. நசுங்கல். கோட்டின் கீழுள்ள பரப்பு, உடைக்கச் செலவான ஆற்றல். கருவி வாங்க வசதி இல்லையென்றால் அருகிலுள்ள வேளாண் பொறியியல் கல்லூரியிலோ பொருள் சோதனைக்கூடத்திலோ கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம்.

நீளவாக்கு, அகலவாக்கு, தடிமன்வாக்கு என மூன்று திசைகளிலும் தனித்தனிக் கொட்டைகளை வைத்துச் சோதியுங்கள். ஒரு திசையில் குறைந்த விசையில் உடைவது மற்றொரு திசையில் பிடிவாதம் பிடிக்கும். அக்ரூட்டின் உறவான பீக்கனை முனையிலிருந்து முனைக்கு அழுத்தி உடைப்பது சும்மா வந்த பழக்கமல்ல; அந்தத் திசையில் ஓடு பலவாகப் பிளந்து, பருப்பின் இரண்டு பாதிகளும் ஒடியாமல் வெளிவருகின்றன. மக்கடேமியா ஓட்டுக்கு 2000 நியூட்டனுக்கு அக்கம்பக்கம் விசை வேண்டும், அதாவது ஏறத்தாழ 200 கிலோ எடையை ஏற்றிவைத்ததற்குச் சமம்.

விசை எண்ணைப் பார்த்து மோட்டாரின் திறனைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பருப்பைக் காப்பாற்றுவது நசுங்கல் எண்தான். ஓட்டின் உள்சுவருக்கும் பருப்புக்கும் நடுவே அந்தத் திசையில் எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கொட்டையை மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காலிப்பரால் பார்த்தால் தெரியும். ஓடு உடைவதற்குள் நசுங்கும் தூரம் இந்த இடத்தைவிடக் குறைவு என்றால் ஓடு போகும், பருப்பின் மேல் கை படாது. கூடுதல் என்றால் ஓடு பிளப்பதற்கு முன்பே பருப்பு நெரிபட்டுவிடும். அந்தத் திசையில் உடைக்கக் கூடாது, அல்லது ஈரத்தை மாற்றி இடத்தை உண்டாக்க வேண்டும்.

ஈரத்தை எந்தப் பக்கம் மாற்றுவது என்பதில்தான் கொட்டைக்குக் கொட்டை சூத்திரம் மாறுகிறது. மக்கடேமியாவைப் பருப்பு 1.5 சதவீதம் ஆகும்வரை படிப்படியாக உலர்த்துகிறார்கள். பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஆடும் சத்தம் கேட்கும், அதுவே தயார் என்பதற்கு அடையாளம். பீக்கனில் நேர்மாறு. பருப்பின் ஈரம் 4 சதவீதத்தில் இருந்தால் அது எளிதில் ஒடியும், ஆகவே உடைப்பதற்கு முன் வெந்நீர் காட்டிப் பருப்பின் ஈரத்தை 8 சதவீதம் வரை ஏற்றுகிறார்கள். வளைந்துகொடுக்கும் பருப்பு அடியைத் தாங்கும். உடைத்த பின் மறுபடியும் உலர்த்த வேண்டும், அது கூடுதல் செலவுதான், இருந்தும் பருப்பின் பாதிகள் ஒடியாமல் வந்தால் அந்தச் செலவு தெரியாது.

முந்திரி இந்த இரண்டிலும் சேராதது. அதன் ஓடு சுமார் 3 மி.மீ. தடிமன், தேன்கூடு போன்ற அறைகள், அவற்றுக்குள் தோலைப் பொசுக்கும் எண்ணெய். நேரடியாக அழுத்தினால் ஓடு உடையாமல் நசுங்கும், எண்ணெய் பருப்பில் பட்டு அதைப் பாழாக்கும், கையையும் புண்ணாக்கும். அதனால்தான் ஆவியில் வேகவைத்தோ சூடான ஓட்டு எண்ணெயில் வறுத்தோ ஓட்டின் தன்மையை மாற்றிய பிறகு, நசுக்காமல் வளைவின் வழியே கத்தியால் வெட்டிப் பிளக்கிறார்கள். வேகவைத்ததை ஆறவிடாமல் வெட்டினால் ஓடு இன்னும் மிருதுவாகத்தான் இருக்கும், கத்தி பருப்புக்குள் இறங்கும். ஓர் இரவு ஆறவிடுவதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் அதற்கான விலையை நொறுங்கலில் கொடுக்கிறார்கள்.

இனி படி 3இல் போட்ட கட்டங்களுக்கு வருவோம். ஹேசல்நட் ஒன்றை எடுத்துக்காட்டாக வைப்போம். கொட்டைகள் 16 முதல் 21 மி.மீ. வரை பரவியிருக்கின்றன. மிகப் பெரிய கொட்டையின் பருப்பு 16 மி.மீ. என்போம். மிகச் சிறிய கொட்டை உடைய வேண்டுமென்றால் தகடுகளின் இடைவெளி 16க்குக் கீழே, ஓட்டின் நசுங்கலையும் கழித்தால் 15 மி.மீ. இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பெரிய கொட்டையின் பருப்பு நிச்சயமாக நசுங்கும். இந்தச் சரக்குக்குச் சரியான இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. திருகை எவ்வளவு திருகினாலும் கிடைக்காது. இதையே 16 முதல் 17.5, 17.5 முதல் 19, 19 முதல் 21 என்று மூன்றாகப் பிரித்துவிட்டால், கடைசிப் பிரிவில் 19க்குக் கீழேயும் 16க்கு மேலேயும் ஏதேனும் ஓர் இடம் போதும். 17.5 மி.மீ. வைத்தால் எல்லா ஓடும் உடையும், எந்தப் பருப்பும் தகட்டைத் தொடாது. மற்ற பிரிவுகளுக்கும் இதே கணக்கு. புதிய இயந்திரத்துக்குச் செலவிடுவதற்கு முன் நல்ல சல்லடைக்குச் செலவிடுங்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

படி 8: தோல், வெப்பம், நிறம்

பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை எடுப்பதும் ஈரத்தின் விளையாட்டே. முந்திரிப் பருப்பை 70 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்தி 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பருப்பு சுருங்கித் தோல் விலகும். உரித்த பின் அந்த நிலையிலேயே பெட்டியில் அடைத்தால் வழியெல்லாம் உடையும் என்பதால் 5 சதவீதம் வரை ஈரம் ஏற்றிவிட்டு அடைப்பார்கள். பாதாமில் வெந்நீரில் சில நிமிடம் போட்டுத் தோலை உப்பவைத்து உரிக்கிறார்கள். ஹேசல்நட் தோல் வறுத்துத் தேய்த்தால் உதிரும்.

வறுப்பதில் பார்க்க வேண்டிய அளவு தடிமன். பருப்பு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள், நடுப்பகுதி சூடேற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 20 சதவீதம் தடித்த பருப்புக்கு 44 சதவீதம் கூடுதல் நேரம் வேண்டும். பெரிதும் சிறிதும் கலந்து ஒரே தட்டில் வறுத்தால் சிறியது கருகும்போது பெரியதன் நடு இன்னும் பச்சையாக இருக்கும். உடைப்பதற்காகச் செய்த தரம் பிரித்தல் இங்கே இரண்டாம் முறையாகக் கைகொடுக்கிறது.

உலர்த்தும் வெப்பத்துக்கும் வரம்பு உண்டு. அக்ரூட்டை 43 டிகிரிக்கு மேல் போகாத காற்றில் உலர்த்துவது நடைமுறை. மீறினால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், பருப்பின் நிறமும் கறுக்கும். நிறம் அழகுக்காக மட்டும் பார்க்கப்படுவதல்ல. பிஸ்தாவை அறுவடை செய்த 24 மணி நேரத்துக்குள் மேல்தோல் நீக்காவிட்டால் ஓட்டில் கறை ஏறும். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் பிறகு அந்தக் கறையைக் குற்றமாகப் படித்து நல்ல கொட்டையையும் தள்ளிவிடும்.

படி 9: எண்களை இயந்திரத்துக்கு மாற்றுவது

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ஒரு தாள் போதும். மேலே சரக்கின் அடையாளமும், ஓட்டின் ஈரமும் பருப்பின் ஈரமும். அதற்குக் கீழே அளவுப் பரவல், ஆயிரம் கொட்டை எடை, இரண்டு அடர்த்திகள், சரியும் கோணம், மிதக்கும் காற்று வேகம், உடையும் விசை, நசுங்கல், ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே உள்ள இடம். வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த இயந்திரத்தின் எந்தத் திருகை முடிவுசெய்கிறது என்று எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லாத எண்ணை அடுத்த முறை அளக்க வேண்டாம். அடர்த்தியும் உராய்வும் சரக்குக்குச் சரக்கு அதிகம் மாறாது, பருவத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஈரமும் அளவுப் பரவலும் ஒவ்வொரு வண்டிக்கும் மாறும்.

தாளின்படி இயந்திரத்தை அமைத்தபின் சிறிது நேரம் ஓட்டி, வெளியே வருவதில் ஒரு கிலோவை எடுத்து முழுப் பருப்பு, நொறுங்கியது, உடையாதது என்று பிரித்து எடைபோடுங்கள். நொறுங்கலும் உடையாததும் இரண்டுமே அதிகம் என்றால் இடைவெளியைத் தொட வேண்டாம், தரம் பிரித்தல் சரியில்லை. சல்லடைத் துளை அடைத்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நொறுங்கல் மட்டும் அதிகம் என்றால் முதலில் பருப்பின் ஈரத்தை மறுபடி அளங்கள், அது தாளில் உள்ளபடியே இருந்தால் மட்டும் இடைவெளியைக் கால் மி.மீ. கூட்டுங்கள். உடையாதது மட்டும் அதிகம் என்றால் அவற்றில் இருபதை எடுத்துக் காலிப்பரால் அளந்து பாருங்கள். எல்லாம் அந்தப் பிரிவின் கீழ் எல்லையில் நிற்கும் சிறிய கொட்டைகளாக இருந்தால் அவற்றை அடுத்த சிறிய பிரிவோடு சேர்த்து உடையுங்கள். அளவு சரியாக இருந்தும் உடையவில்லை என்றால் ஓடு ஈரமாக இருக்கிறது, சரக்கு உலர்த்திக்குத் திரும்ப வேண்டும்.